மிதிபடாத கோடுகள்

சுண்ணாம்பண்ணனுக்கு உட்காரத் தெரியாது. முப்பது வருடமாக அவர் மனைவி சொல்லிவரும் புகார் இது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, யாராவது விசில் ஊதினால் எழுந்து ஓடிவிடுகிறவர் மாதிரிதான் உட்காருவார். கல்யாணத்தன்று மண்டபத்தில் நாற்காலி வரிசை கோணலாக இருக்கிறதென்று மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கிப் போய் இழுத்துச் சரிசெய்தார். "அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். சுறுசுறுப்பா இருக்காரேன்னு சந்தோஷப்பட்டுட்டேன்" என்பார் அந்த அம்மாள், தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் சுண்ணாம்பண்ணன். ஓட்டக்காரர் சங்கத்து மைதானத்தில் ஆறு ஓடுபாதைகளுக்கும் சுண்ணாம்புத் தூளால் வெள்ளைக்கோடு போடுவது அவர் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கேட்டைத் திறந்து பூட்டுவது எல்லாம் அந்த வேலைக்கு இனாம்.

அந்த வேலைக்கு அவரை யாரும் வைக்கவில்லை. இருபத்து நான்கு வயதில் சுண்ணாம்பு மூட்டை இறக்க லாரியில் வந்தவர் அவர். அன்றைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஆள் வளைவில் நெளித்துக்கொண்டே போனார். இவர் ஒரு நிமிடம் பொறுத்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். மூன்றாவது நிமிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்று கோட்டு வண்டியின் பிடியை வாங்கிவிட்டார். லாரி இவரை விட்டுவிட்டுப் போனது. அதை இவர் சாயங்காலம்தான் கவனித்தார்.

வளைவுக்கு ஒரு முறை இருக்கிறது. மைதானத்தின் இரண்டு கோடியிலும் மண்ணுக்குள் ஓர் இரும்பு முளை புதைந்திருக்கும். அதில் கயிற்றை மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். கயிற்றில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு முடிச்சு. முடிச்சு எங்கே போகிறதோ அங்கே கோடு. கயிறு ஒரு விரற்கடை தளர்ந்தாலும் அந்தப் பாதை சுருங்கிவிடும், அது பக்கத்துப் பாதையில் ஓடுகிற பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை தோறும் பழைய கோட்டின் மேல் புதுக்கோடு போடுவார். வாரம் முழுக்க ஓடுகிற கால்கள் பழையதைத் தேய்த்துவிட்டிருக்கும். அந்தக் கால்களோடு அவருக்குத் தீராத பகை. "கோட்ட மிதிக்காத!" என்று அவர் போடும் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். ஒருமுறை பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி கோட்டின்மேலேயே நடந்துவந்தார். ஒலிபெருக்கியில் போன வரவேற்புரை யாருக்கும் நினைவில்லை. சுண்ணாம்பண்ணன் போட்ட சத்தம் இன்றைக்கும் பேசப்படுகிறது.

பிறகு தொற்று வந்தது. ஊர் அடங்கியது. கேட்டைப் பூட்டச் சொன்னார்கள். பராமரிப்புக்கு ஒரே ஓர் ஆள் உள்ளே போகலாம் என்று ஒரு வரி உத்தரவில் இருந்தது. அந்த ஓர் ஆள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் சனிக்கிழமை கயிற்றோடு போய்க் குனிந்து பார்த்தார். போன வாரம் போட்ட கோடு போட்டபடி கிடந்தது. அடடா என்று இருந்தது அவருக்கு. இருபத்தெட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டதே! இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் மாதம் அந்தக் கோடுகளைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கால் தடம் இல்லை. ஒரு தேய்மானம் இல்லை. அழியாத கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி தூள் போட்டதில் கோடுகள் தடித்து, கையால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு மேடாகிவிட்டன. ஆனாலும் போட்டார். சனிக்கிழமை வந்தால் கை சும்மா இருக்க வேண்டுமே.

இதற்கிடையில் மைதானத்து ஆட்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த கோச்சம்மா சின்னச் சரக்கு வண்டி ஓட்டித் தண்ணீர்க் கேன் போட்டுக்கொண்டிருந்தார். நானூறு மீட்டரில் யாரையும் முன்னால் விடாத நெட்டச்சி மருந்துக்கடையில் பில் போட உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்பண்ணன் தைலம் வாங்கப் போனபோது, "ஓடுறியாம்மா?" என்று கேட்டார். "எங்கண்ணே, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடறதில்ல. அடுத்த பஸ் வரட்டும்னு நின்னுக்கறேன்" என்றாள் அவள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. நெட்டச்சி நிற்கிறாளாம்! உலகத்தில் வேறு என்ன கெட்டுப்போக மிச்சம் இருக்கிறது?

பதினைந்தாம் மாதம் சங்கத்தின் செயலாளர் மைதானத்துக்கு வந்தார். பிழைப்புக்கு டயர் கடை வைத்திருப்பவர். சங்கத்துக்காக அலைவது அவருக்கு வாய்த்த தலைவிதி. நல்ல மனிதர், ஆனால் எதையும் முழுக்கப் படிக்கிற பொறுமை கிடையாது.

"சுண்ணாம்பு, நல்ல சேதி. விளையாட்டு மீட்புத் திட்டம்னு அரசாங்கம் கொண்டுவந்திருக்கு. பூட்டிக் கிடந்து கெட்டுப்போன மைதானத்தை எல்லாம் அவங்களே சரிபண்ணிக் கொடுப்பாங்களாம்."

"நம்ம மைதானம் கெட்டுப்போகலையே சார்."

"அதாம்ப்பா இப்ப பிரச்சினையே!"

யாரோ அனுப்பிய படிவத்தின் படம் அவர் போனில் இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். சேதத்தின் அளவு: லேசானது, நடுத்தரம், கடுமையானது. மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். செயலாளர் நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தார். மழித்து விட்டது போன்ற புல்லும் பளிச்சென்ற ஆறு பாதைகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன.

"நீ வச்சிருக்கிற அழகுக்கு இதுல எதைய்யா குறிக்கிறது? கல்யாணத்துக்கு ஜோடிச்ச மாதிரில்ல இருக்கு!"

"கேட்காட்டி போச்சு சார். நமக்கு எதுக்கு அது?"

"அங்கதான் தப்பு பண்றே. திட்டத்துல நம்ம பேர் ஏறலைன்னா, சும்மா கிடக்கிற இடம்தானேன்னு நகராட்சி பக்கத்துக் குடோன்காரனுக்கு லாரி நிறுத்தக் கொடுத்துடும். ஒரு வருஷத்துக்கு. மாசக் கடைசிக்குள்ள முடிவாகிடும்."

"லாரியா? ட்ராக் மேலயா?"

சுண்ணாம்பண்ணன் திரும்பி ஓடுபாதையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக ஒரு சைக்கிளை அந்த மண்ணில் விட்டதில்லை அவர். லாரி நின்ற மண் கல்லாகிவிடும். ஒரு வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தால், முளையைத் தேடக்கூடக் கடப்பாரை வேண்டும்.

"இன்னும் மூணு வாரத்துல பாக்க வராங்க. அதுவரைக்கும் நீ ஒன்னும் பண்ணாதே. புல் வளரட்டும். கோடு அழியட்டும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"இதுல பொய் எங்கப்பா இருக்கு? சும்மா இருன்னு சொல்றேன். சும்மா இருக்கிறது எப்படிப் பொய்யாகும்?"

செயலாளருக்குச் சுண்ணாம்பண்ணனைத் தெரியும். அதனால் புல்வெட்டும் மெஷினும் கோட்டு வண்டியும் சுண்ணாம்பு மூட்டையும் இருக்கிற ஸ்டோர் ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கேட் சாவியையும் வாங்கியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூன்று வாரம் சும்மா இருப்பதென்றால் என்ன என்பதை அவர் மனைவியைக் கேட்க வேண்டும்.

முதல் நாள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். இரண்டாம் நாள் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். அந்த அம்மாள் அவசரத்துக்கு எடுக்கிற கறுப்பு நூல் எங்கே போனதென்று அரை நாள் தேட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் செடிகளைக் கேட்காமல் கத்தரித்துவிட்டார். அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "கோணலா இருந்துச்சுங்க" என்றார். அது என்ன சமாதானம்? ஐந்தாம் நாள் முகக்கவசம் தைக்க வாங்கி வைத்திருந்த துணி மொத்தத்திலும் சாக்பீஸால் கோடு கிழித்துக் கொடுத்தார். கோடு என்னவோ நேராகத்தான் இருந்தது. அளவுதான் ஆளுக்குக் காது வரைக்கும் போனது.

"ஏங்க, மைதானம் கெடறதுக்கு முன்னாடி நான் கெட்டுடுவேன் போலிருக்கு. எங்கயாவது போய் உக்காருங்களேன்!"

போவார். மைதானத்து கேட்டுக்குத்தான் போவார். கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்ப்பார். ஆறாம் நாள் மழை பிடித்து, நான்கு நாள் விடாமல் பெய்தது. அதுவரை தயங்கி நின்ற களையெல்லாம் கும்மாளம் போட்டது. மூன்றாம் பாதையில் கோரை. ஐந்தாம் பாதையில் நெருஞ்சி. நெருஞ்சி முள் ஷூவையே துளைக்கும். வெறுங்காலோடு ஓடிப் பழகுகிற சின்னப் பிள்ளைகளை நினைத்து அவருக்கு உள்ளங்கால் கூசியது. மேடாகத் தடித்திருந்த கோடுகள் மழையில் கரைந்து பால் மாதிரி ஓடுவதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைதானே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் குடைக்குள்தான் நின்றிருந்தார்.

பதினாறாம் நாள், ஒரே ஒரு நெருஞ்சிச் செடியைப் பிடுங்கலாம் என்று உள்ளே போனார். அது முதல் பாதையின் ஓரத்தில் இருந்தது. அதைப் பிடுங்கியதும் பக்கத்தில் இருந்தது தனியாகத் தெரிந்தது. அதையும் பிடுங்கினார். மறுநாள் சாக்குக்குள் அரிவாளை மறைத்து எடுத்துப் போனார். அதற்கு மறுநாள் களைக்கொத்து. இருபதாம் நாள், வீட்டில் வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு, டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குனிந்தபடியே நானூறு மீட்டரும் தட்டிக்கொண்டு போனார். இருபுறமும் இரண்டு கோடு. முதுகு ஒடிந்துவிட்டது. மனம் மூன்று வாரத்தில் முதல்முறையாக நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தையலை நிறுத்தினார். "கையைக் காட்டுங்க."

காட்டினார். நகக்கண் எல்லாம் வெள்ளை.

"ஒரே ஒரு லேன்தான்."

"குடிகாரன் ஒரே ஒரு கிளாஸ்னு சொல்ற மாதிரியே இருக்கு! நாளைக்குக் காலையில பாக்க வராங்க. நீங்க போய் இன்னிக்குக் கோடு போட்டுட்டு வந்து நிக்கறீங்க. மைதானம் கை விட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? என் உசுரை எடுப்பீங்க. வேற என்ன தெரியும்?"

திட்டியபடியே எண்ணெயை எடுத்து அந்த விரல்களில் தடவினார். சுண்ணாம்பு தின்ற தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அந்த அம்மாளின் கோபமும் கண்ணீரும் ஒன்றாகத்தான் வந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பார்வையிட வந்த அதிகாரி ஒரு பெண்மணி. முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு, கையில் கோப்பு. வந்தவர் மைதானத்தைப் பார்த்தார். ஐந்து பாதைகள் காடாகக் கிடந்தன. முதல் பாதை மட்டும் நேற்றுப் பிறந்த மாதிரி ஜொலித்தது. செயலாளருக்கு முழி பிதுங்கியது.

"இது மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"அது வந்து மேடம்... அந்தப் பக்கம் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் செயலாளர்.

காற்றடித்துக் கோடு போட்ட கதையை அதிகாரி கேட்டதில்லை போலிருக்கிறது. சுண்ணாம்பண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம். மூணு வாரத்துக்கு முன்னாடி ஆறும் இப்படித்தான் இருந்துச்சு. கெட்டுப்போனாத்தான் திட்டத்துல சேப்பாங்கன்னு விட்டுட்டோம். என்னால முடியலை. ஒன்னை மட்டும் எடுத்துட்டேன். தப்பு என் மேலதான், சார் மேல இல்லை."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கோபப்படவில்லை. களைத்த சிரிப்பு ஒன்று கவசத்துக்குள் கேட்டது.

"போன வாரம் ஒரு இடத்துல ஆட்டு மந்தையையே உள்ள விட்டு வச்சிருந்தாங்க. அதைவிட இது தேவலை. சார், படிவத்துல ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"ரெண்டாம் பக்கமா? எனக்கு வந்த படத்துல ஒரு பக்கம்தானே மேடம் இருந்தது..."

அதிகாரி கோப்பைத் திருப்பிக் காட்டினார். கடுமையான சேதம் என்று குறித்தால் பழுதுபார்ப்பு உண்டு, ஆனால் அது மூன்றாம் கட்டம், அடுத்த வருடம். இரண்டாம் பக்கத்தில் குறிப்பதற்கு இன்னொரு வரி இருந்தது: உடனே திறக்கத் தயார். அதில் குறி விழுந்த மைதானங்கள் முதல் கட்டம். வருகிற திங்கட்கிழமையே பயிற்சிக்குத் திறக்கலாம், பிள்ளைகளுக்கு ஷூவும் சாதனங்களும் அரசாங்கமே தரும்.

"திறந்து ஆள் ஓடுற இடத்துல எந்த நகராட்சியும் லாரி விடாது. மூடிக் கிடந்தாத்தான் வம்பு" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன் இந்த அம்மாள் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிட்டுப் போயிருப்பார். செயலாளர் தலையில் கைவைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப குறிங்களேன் மேடம். நாளைக்குள்ள சரிபண்ணிடறோம்" என்றார் அங்கிருந்தபடியே.

"நான் இன்னிக்குக் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும். இன்னிக்கே அனுப்பியாகணும்."

சுண்ணாம்பண்ணன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். "மேடம், நீங்க திரும்பி எந்த வழியாப் போவீங்க?"

"இன்னும் ரெண்டு மைதானம் பாக்கணும். அஞ்சு மணிக்கு இந்த ரோட்டுலதான் திரும்பணும்." பேனாவை மூடினார். "எழுதறது கடைசியாப் பாக்கறதைத்தான்."

ஜீப் கேட்டைத் தாண்டுவதற்குள் சுண்ணாம்பண்ணன் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றுகொண்டு கத்தினார். "சார்! சாவி!"

சாவி டயர் கடையில் இருந்தது. செயலாளர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் வருவதற்குள் சுண்ணாம்பண்ணன் இரண்டு போன் போட்டார். ஒன்று மனைவிக்கு. "உடனே வா. அரிவாள், களைக்கொத்து, குடிக்கத் தண்ணி." அந்த அம்மாள் எதற்கென்று கேட்கவில்லை. இன்னொன்று கோச்சம்மாவுக்கு. "பெட்ரோல் ஒரு கேன் வாங்கிட்டு வாங்கம்மா. நின்னு பேச நேரமில்லை." இருபது நிமிடத்தில் தண்ணீர்க் கேன்கள் குலுங்கக் குலுங்கச் சரக்கு வண்டி உள்ளே வந்தது.

நான்கு பேர். ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விடவேண்டும். சுண்ணாம்பண்ணன் யோசிக்கவே இல்லை. "ஒரு லேன் விட்டு ஒரு லேன் நில்லுங்க. தானாத் தள்ளி நின்ன மாதிரிதான்" என்றார். இரண்டில் மனைவி, நான்கில் செயலாளர், ஆறில் அவர். கோச்சம்மா புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே. தள்ளினார் என்றா சொன்னேன்? ஓடினார். ஒன்றரை வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த கால்கள் அவை. வளைவில் திரும்பும்போது கோச்சம்மா சிரித்துக்கொண்டிருந்தது கவசத்துக்கு மேலே கண்ணில் தெரிந்தது.

செயலாளருக்கு நெருஞ்சி இன்னதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஐயோ! அம்மா!" என்று நானூறு மீட்டரும் ஒரே பாராயணம்.

"டயர்ல ஆணி பிடுங்கறவருக்கு முள் பிடுங்கத் தெரியாதா?" என்றார் சுண்ணாம்பண்ணனின் மனைவி, தலையை நிமிர்த்தாமல்.

அவை முடிந்ததும் மூன்றுக்கும் ஐந்துக்கும் மாறினார்கள். இரண்டு மணிக்கு ஐந்து பாதைகளும் வெட்டவெளி ஆயின. கோட்டு வண்டியை எடுக்கப் போன சுண்ணாம்பண்ணன் மூட்டையைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி, சுண்ணாம்பு இறுகிப் பாறையாகக் கிடந்தது. மூன்று வாரம் திறந்து பார்க்காததன் பலன். வழக்கமாக ஒன்றுவிட்டு ஒருநாள் மூட்டையைப் புரட்டி வைப்பவர் அவர்.

"கடையில வாங்கலாமா?"

"ரெண்டு மணிக்கு மேல எந்தக் கடை சார் திறந்திருக்கு, இந்த ஊரடங்குல?"

சுத்தியலை எடுத்தார். அடித்தார். கட்டி கட்டியாகத்தான் உடைந்தது. அதை வண்டியில் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். அப்போது மனைவி பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து உதறினார். ஐந்தாம் நாள் அவர் கோடு கிழித்துக் கெடுத்த அதே முகக்கவசத் துணி. "எப்படியும் வீணாப் போனதுதானே. பிடிங்க அந்தப் பக்கம்." நுணுக்கிய சுண்ணாம்பை அதில் கொட்டிச் சலித்தார்கள். மாவு மாதிரி இறங்கியது.

நான்கு மணி வரை நேர்க்கோடுகள். அதன்பிறகு வளைவு. முளையில் கயிற்றை மாட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முடிச்சைப் பார்த்தபடி சுண்ணாம்பண்ணன் சுற்றினார். கயிறு இம்மி தளரவில்லை. பிந்துகிறது என்று தெரிந்தும் நடையை வேகப்படுத்தவில்லை. காலில் சக்கரம் கட்டிய மனிதர் அந்த வளைவில் மட்டும் அப்படி நிதானமாகப் போனதை அவர் மனைவி கண்கொட்டாமல் பார்த்தார். இவருக்கா நிதானம் தெரியாது, இவரையா உட்கார வைக்க நினைத்தோம் என்று இருந்தது அந்த அம்மாளுக்கு.

கடைசி வளைவின் கடைசிக் கோட்டில், பாதி தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. அதிகாரி இறங்கினார். சுற்றிலும் பார்த்தபடி, ஆச்சரியத்தில் கால் எங்கே படுகிறதென்று கவனிக்காமல், நேராக உள்ளே நடந்துவந்தார்.

"கோட்ட மிதிக்காத!"

மைதானமே அதிர்ந்தது. பதினாறு மாதமாக அடக்கிவைத்த சத்தம் அல்லவா. செயலாளர் கையிலிருந்த தண்ணீர்க் குவளை கீழே விழுந்தது. அதிகாரி தூக்கிய காலை வைக்கத் தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றார். அப்போதுதான் சுண்ணாம்பண்ணனுக்குத் தான் யாரை அதட்டினோம் என்பதே உறைத்தது.

"ஐயோ மேடம்... மன்னிச்சுடுங்க. வாய் பழகிப்போச்சு."

"காலை எங்கதான் வைக்கட்டும்?"

"அதோ, அந்தப் பக்கம் மேடம்."

அதிகாரி அந்தப் பக்கம் வைத்தார். ஆறு பாதைகளையும் ஓரமாகவே சுற்றிவந்தார். கோப்பைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை எடுத்தவர், பேனாவை நிறுத்திக் கடைசி வளைவைக் காட்டினார். "அந்தக் கோடு பாதியில நிக்குதே?"

"அஞ்சு நிமிஷம் மேடம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார். சுண்ணாம்பண்ணன் மீண்டும் கயிற்றை விறைப்பாக்கிக்கொண்டு மீதியைச் சுற்றி முடித்தார். அதன்பிறகுதான் குறி விழுந்தது. ஸ்டோர் ரூம் கூரைக்கு இந்த வருடம் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். செயலாளர் அதற்கு ஒரு மாதம் முணுமுணுத்தார்.

ஆனால் சுண்ணாம்பண்ணனின் தவிப்பு அதோடு தீரவில்லை. மைதானத்தைத் திறந்துவிடலாம், யார் வருவார்கள்? பஸ்ஸுக்குக்கூட ஓடாத பிள்ளைகள். திங்கட்கிழமை ஐந்தரைக்கே கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, கேட்டுக்கும் முளைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ஆறு மணி. யாரும் இல்லை. ஆறே கால். அரசாங்கம் அனுப்பிய புது ஷூக்கள் பெட்டியோடு படியில் இருந்தன. அவற்றை அளவுவாரியாக இரண்டு முறை அடுக்கினார். ஆறரைக்குச் சரக்கு வண்டி வந்தது. கோச்சம்மா இறங்கினார். பின்னால் தண்ணீர்க் கேன் வைக்கிற இடத்திலிருந்து மூன்று பெண்கள் குதித்தார்கள். ஒரு பாதை விட்டு ஒரு பாதை என்றால் மூன்று பேர்தான் ஓடலாம். அந்த மூவரில் உயரமாக நின்றது நெட்டச்சி.

"கடைக்கு ஒன்பது மணிக்குப் போனாப் போதும் அண்ணே" என்றாள், அவர் கேட்காமலேயே.

முதல் சுற்றில் பாதி தூரம் நன்றாகத்தான் ஓடினாள். வளைவில் மூச்சு வாங்கியது. கால் பின்னியது. வெளிப்பக்கம் சாய்ந்து, வெள்ளைக்கோட்டின் மேல் முழுப் பாதமும் பதிய நான்கு அடி வைத்து, தேய்த்துக்கொண்டு நின்றாள். நின்றவள் குனிந்து பார்த்தாள். பிறகு பயந்துபோய் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோச்சம்மா விசிலை வாயிலிருந்து எடுத்தார். மற்ற இருவரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றார்கள்.

சுண்ணாம்பண்ணன் வேகமாக வந்தார். கோட்டைப் பார்த்தார். நான்கு கால் தடம். ஓரம் கலைந்து, வெள்ளை மண்ணோடு கலந்து கிடந்தது. பதினாறு மாதத்தில் முதல் தேய்மானம்.

"தெரியாம மிதிச்சுட்டேன் அண்ணே."

"மிதிம்மா" என்றார். குரல் சரியாக வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "நல்லா மிதி. நீங்கல்லாம் மிதிக்கலைன்னா, சனிக்கிழமை எனக்கு என்ன வேலை?"